ஆரோக்கியமானவர்களுக்கு ட்யூமர் மார்க்கர் விற்பதை நிறுத்துங்கள்: ஆய்வக நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜ் விற்கும் தமிழ்நாட்டின் தனியார் ஆய்வக, மருத்துவமனை நிர்வாகிகளுக்கு,

மகளிர் தினச் சலுகை என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் பரப்பிய பட்டியல் என் கைக்கும் வந்தது. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் வழக்கம்போல இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே ‘கேன்சர் ஸ்கிரீனிங்’ என்ற தலைப்பில் சிஏ-125, சிஏ 15-3, சிஇஏ. ஆண்களுக்கான பட்டியலில் பிஎஸ்ஏ, ஏஎஃப்பி, சிஏ 19-9. இவைதான் ட்யூமர் மார்க்கர்கள்: சில புற்றுநோய்களில் ரத்தத்தில் உயரும் பொருள்கள். பதினெட்டு வயதைத் தாண்டிய யாரும் எடுக்கலாம். டாக்டர் சீட்டு வேண்டாம். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்போம். ரிப்போர்ட் அன்று இரவே போனுக்கு வந்துவிடும். ‘உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?’ என்ற ஒரு கேள்வி மட்டும் எங்கேயும் இல்லை.

நான் ஒரு மாவட்டத் தலைநகரில், ஆய்வகம் ஒன்றின் உயிர்வேதியியல் பிரிவில் வேலை செய்கிறேன். காலையில் கன்ட்ரோல் ஓட்டி, மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சாம்பிளை ஏற்றி, வருகிற எண்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. இதுபோன்ற பேக்கேஜ்களின் முடிவுகளும் என் கையெழுத்தோடுதான் வெளியே போகின்றன. அதைப் படித்துப் பயந்தவர்கள் மறுநாள் காலை என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். விளம்பரம் எழுதியவர் அங்கே இருப்பதில்லை.

அப்படி வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர், முப்பதைத் தாண்டியவர், உடம்பில் ஒரு குறையும் இல்லை. கடையில் பத்துப் பேர் சேர்ந்தால் தள்ளுபடி என்றதால் இவரும் சேர்ந்திருக்கிறார். சிஏ-125 அளவு 61 வந்தது. 35க்குள் இருக்க வேண்டும் என்று ஓரத்தில் அச்சிட்டு, 61ஐத் தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. இரவு போனில் பார்த்தவர் கூகுளில் தேடியிருக்கிறார். விடிந்ததும் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். “மேடம், சினைப்பையில கேன்சர்னு வருதே, எனக்கு ரெண்டும் சின்னப் புள்ளைங்க” என்றார். அவர் அழவில்லை. மாமியார்தான் அழுதார்.

ரத்தம் கொடுத்த அன்று மாதவிலக்கா என்று கேட்டேன். இரண்டாம் நாள் என்றார். மாதவிலக்கு நாட்களில் சிஏ-125 உயரலாம் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள செய்தி. ரத்தம் எடுக்கப் போன தம்பி அதைக் கேட்கவில்லை. கேட்கும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை, உங்கள் படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. அடுத்த மாதம், மாதவிலக்கு முடிந்த பிறகு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அதுவரை காத்திருக்கும் மனநிலையில் அவர்கள் இல்லை. நானே அந்த இடத்தில் இருந்தாலும் இருந்திருக்க மாட்டேன். அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். அதில் சிறிய நீர்க்கட்டி என்றதும் எம்ஆர்ஐ. பிறகு வெளியூரில் ஒரு நிபுணர். இருந்த நகை அடகுக் கடைக்குப் போனது. கடைசியில், அந்த வயதில் தானாக வந்து தானாகக் கரையும் சாதாரண நீர்க்கட்டி என்று தெரிந்தது. திரும்ப எடுத்த சிஏ-125 அளவு 22.

இது ஒருவருக்கு நேர்ந்த தற்செயல் என்று நீங்கள் சொல்லக்கூடும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதவிலக்கு நின்ற பெண்களில் ஏறக்குறைய 2,500 பேருக்கு ஒருவருக்குச் சினைப்பைப் புற்றுநோய் இருக்கலாம் என்பது மருத்துவ நூல்களில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 10,000 பேருக்குச் சோதித்தால் 4 பேர். நோயில்லாத நூறு பேரில் 98 பேருக்கு ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லும் அளவுக்கு நம் சோதனை நல்லது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் ஏறத்தாழ 200 பேருக்கு நோயே இல்லாமல் அம்புக்குறி வரும். அந்த 4 பேராவது தப்பாமல் கிடைப்பார்களா என்றால் அதற்கும் உறுதியில்லை. முதல் நிலையில் உள்ள புற்றுநோயில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு சிஏ-125 உயர்வதே இல்லை. மாதவிலக்கு நிற்காத இளம்பெண்களிடம் நோய் இன்னும் அபூர்வம், பொய்யான உயர்வுக்கான காரணங்களோ இன்னும் அதிகம்: மாதவிலக்கு, கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்றது வெளியே வளர்வது), ஃபைப்ராய்டு (கருப்பையில் வரும் சாதாரணக் கட்டி). நம் நாட்டில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். வயிற்றில் வரும் காசநோயில் சிஏ-125 நூற்றுக்கணக்கில் ஏறும். வயிற்றில் நீரும் கட்டும். சினைப்பைப் புற்றுநோய் என்றே தோன்றும். மாத்திரையில் குணமாகும் நோய் அது.

இதையெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் 55 முதல் 74 வயதுவரை உள்ள 78,216 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு ஆண்டுதோறும் சிஏ-125 சோதனையும் அல்ட்ராசவுண்டும் செய்து பார்த்தார்கள். 2011இல் முடிவு வந்தது. சோதிக்கப்பட்ட பக்கத்தில் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்கள் 118 பேர், சோதிக்கப்படாத பக்கத்தில் 100 பேர். இறப்பு குறையவில்லை. 3,285 பெண்களுக்குப் பொய்யான எச்சரிக்கை வந்தது. அவர்களில் 1,080 பேர் அறுவை சிகிச்சை வரை போனார்கள். அதில் 163 பேருக்குக் கடுமையான பின்விளைவு ஏற்பட்டது. புற்றுநோய் இல்லாத பெண்கள் அவர்கள். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் இதைவிட நுட்பமான முறையில் செய்த ஆய்வின் இறுதி முடிவும் 2021இல் வந்துவிட்டது. அங்கேயும் உயிரிழப்பு குறையவில்லை. இத்தனைக்குப் பிறகும் 2,000 ரூபாய்ப் பேக்கேஜுக்குள் சிஏ-125ஐ வைத்துப் ‘புற்றுநோயிலிருந்து பாதுகாப்பு’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

மற்றவையும் இதே கதைதான். சிஇஏ என்ற புரதம் 1965இல் மான்ட்ரியலில் கண்டறியப்பட்டது. பெருங்குடல் புற்றுநோய்க்கே உரிய அடையாளம் என்று முதலில் நம்பினார்கள். சீக்கிரமே அந்த நம்பிக்கை போய்விட்டது. பீடி, சிகரெட் குடிப்பவருக்கு அது சற்று உயர்ந்தே இருக்கும். சிஏ 19-9 பித்தப்பைக் கல் அடைத்தாலே ஏறும்; லூயிஸ் ரத்த வகை இல்லாத சிலருக்கோ, கணையத்தில் புற்றுநோய் இருந்தாலும் உடம்பு அந்தப் பொருளை உண்டாக்கவே செய்யாது. ஏஎஃப்பி கர்ப்பத்தில் ஏறும், கல்லீரல் அழற்சியில் ஏறும். பிஎஸ்ஏ, வயதானால் வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கத்திலும், சிறுநீர்த் தொற்றிலும், டியூப் போட்டிருந்தாலும் ஏறும். உங்கள் ரிப்போர்ட் 4க்குக் கீழே என்றால் பச்சை நிறம் காட்டுகிறது. 2004இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், பிஎஸ்ஏ 4 அல்லது அதற்குக் கீழே இருந்த ஆண்களுக்கு பயாப்ஸி செய்து பார்த்தபோது 15 சதவீதம் பேரிடம் புற்றுநோய் இருந்தது.

அந்தப் பச்சை நிறம் அம்புக்குறியை விடவும் என்னைப் பயமுறுத்துகிறது. புகையிலை மெல்லும் ஒருவர் ரத்தம் கொடுக்க வந்திருந்தார். கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண். பேசும்போதே தெரிந்தது. பல் டாக்டரிடமோ அரசு ஆஸ்பத்திரியிலோ உடனே காட்டுங்கள் அண்ணா என்றேன். “கேன்சர் டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சும்மா, நார்மல்னு வந்துடுச்சு” என்று பையிலிருந்து உங்களைப் போன்ற ஒருவரின் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினார். வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டுபிடிக்கும் எந்தச் சோதனையும் அந்தப் பட்டியலில் இல்லை. டார்ச் அடித்து வாய்க்குள் பார்ப்பதுதான் அதற்கான சோதனை. தலைப்பு ‘கேன்சர் ஸ்கிரீனிங்’ என்று இருந்ததால் அவர் நம்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மக்கள் முன்னெச்சரிக்கையாக இருக்க ஆசைப்படுகிறார்கள், நாங்கள் வாய்ப்புத் தருகிறோம் என்கிறீர்கள். உயிரைக் காப்பாற்றும் ஸ்கிரீனிங் எப்படி இருக்கும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில், 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்குக் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்க்கும் சோதனையைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் செய்தார்கள். அதன் முடிவு 2007இல் லான்செட் இதழில் வந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்படும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. மெஷின் கிடையாது, ரத்தம் கிடையாது. இன்றைக்கும் 30 வயதைக் கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் காசில்லாமல் பார்க்கிறார்கள். ‘நான்தான் பேக்கேஜ் எடுத்துட்டேனே’ என்று அங்கே போகாமல் இருந்துவிடுகிற பெண்களை எனக்குத் தெரியும். நீங்கள் விற்பது அந்த இடத்தைத்தான் அடைத்துக்கொள்கிறது.

ட்யூமர் மார்க்கர்கள் வேண்டாத சோதனைகள் என்று நான் சொல்லவே இல்லை. அவற்றை ஓட்டுவதே என் பிழைப்பு. அவை எவ்வளவு உதவும் என்று அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பெருங்குடலில் அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஇஏ பார்த்தால், நோய் திரும்புவதை ஸ்கேனுக்கு முன்பே சில சமயம் காட்டிக்கொடுக்கும். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டோடு ஏஎஃப்பி பார்ப்பதற்கு நல்ல காரணம் உண்டு. விந்தகத்தில் கட்டி வந்த இளைஞருக்கு ஏஎஃப்பியும், கர்ப்ப ஹார்மோனான ஹெச்சிஜியும் இல்லாமல் சிகிச்சையே நடக்காது. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு வாரக்கணக்கில் வயிறு உப்புசமாகவே இருந்தால் டாக்டர் சிஏ-125 கேட்பது முற்றிலும் சரி. இவர்கள் எல்லோரிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த எண் அதற்குப் பதில் சொல்கிறது.

இவர்களை நீங்கள் நடத்தும் விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆரோக்கியமானவருக்குப் பேக்கேஜுக்குள் கிட்டத்தட்ட இலவசமாகக் கொடுக்கும் அதே சிஇஏ-வுக்கு, குடல் புற்றுநோய் நோயாளி தனியாக வந்தால் முழு விலை கொடுக்கிறார். கீமோவுக்காக வாங்கிய கடனுக்கு மேல் இதுவும். அவருடைய முந்தைய அளவு எந்த மெஷினில் எடுத்தது என்று ரிப்போர்ட்டில் போடுவதில்லை. ஒரு கம்பெனி மெஷினில் 4 என்று வருவது இன்னொரு கம்பெனி மெஷினில் 6 என்று வரலாம். இரண்டும் அதனதன் அளவில் சரியே. மெஷினை மாற்றிவிட்டு நீங்கள் ஒரு வரிகூடச் சொல்லாததால், நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து பெட் ஸ்கேனுக்கு ஓடியவர்கள் உண்டு.

அளக்கும் வேலையிலும் பொறிகள் உண்டு. மார்க்கர் அளவு மிக மிக அதிகமாக இருந்தால், சில சோதனைகளில் முடிவு தலைகீழாகக் குறைவாகக் காட்டும். ஹுக் எஃபெக்ட் என்போம். சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) டைல்யூட் செய்து மறுபடி ஓட்டினால்தான் உண்மை வெளியே வரும். முடி கொட்டுகிறது என்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில கிட்களில் முடிவைக் குலைக்கும். 2017லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்காக எச்சரிக்கை விட்டது. சிலருடைய ரத்தத்தில் உள்ள எதிர்ப்புரதங்கள் கிட்டில் உள்ள எதிர்ப்புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, இல்லாத மார்க்கரை இருப்பதாகக் காட்டும். இப்படிப் பொய்யாக உயர்ந்த ஹெச்சிஜியை நம்பி, இல்லாத புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 12 பெண்களைப் பற்றிய கட்டுரை 2000ஆம் ஆண்டு லான்செட்டில் வந்தது. நோயாளியைத் தெரிந்த டாக்டர் கேட்டு அனுப்பும்போது, எண் பொருந்தாவிட்டால் அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். நானும் திரும்ப ஓட்டுவேன். பேக்கேஜில் வரும் நூற்றைம்பது சாம்பிள்களுக்கு அந்தப் பக்கம் டாக்டரே இல்லை. சந்தேகப்பட யாரும் இல்லாத எண் நேராக ஒரு வீட்டுக்குள் போய் விழுகிறது.

இனி, நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணமான விஷயத்துக்கு வருகிறேன். அதே பேக்கேஜில், அதே ரிப்போர்ட்டில், புற்றுநோயைக் காட்டும் ஒரு எண் அச்சாகி வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அதை நீங்கள் படிப்பதில்லை.

கைத்தறி நெசவாளி ஒருவர், ஐம்பதுகளின் கடைசியில் இருப்பவர். முதுகுவலி. தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தே வாழ்ந்த உடம்பு, வலிக்காமல் என்ன செய்யும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். வலி ஊசியும் மாத்திரையுமாக ஓட்டியிருக்கிறார். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் அப்பாவுக்கு ஒரு பேக்கேஜ் போட்டிருக்கிறார். மனதார, அக்கறையோடு செய்தது. எங்களிடம் வந்தபோது அந்த ரிப்போர்ட்டை மஞ்சள் பையில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் பிஎஸ்ஏ நார்மல், சிஇஏ நார்மல். நான்காம் பக்கத்தில், கல்லீரல் சோதனை வரிசையின் கடைசியில், மொத்தப் புரதம் 9.8, அல்புமின் 3.2, குளோபுலின் 6.6. அதற்குப் பக்கத்திலும் அம்புக்குறி இருந்தது. யார் கண்ணிலும் படவில்லை. ஹீமோகுளோபின் 8.4. இஎஸ்ஆர் (சிவப்பணுக்கள் படியும் வேகம்) 120ஐத் தாண்டியது.

குளோபுலினை மெஷின் தனியாக அளப்பதுகூட இல்லை. மொத்தப் புரதத்திலிருந்து அல்புமினைக் கழித்தால் வருவது அது. ஒரு பைசா செலவில்லாத எண். சாதாரணமாக 2 முதல் 3.5 கிராம் வரை இருக்கும். காசநோய், கல்லீரல் நோய், நாள்பட்ட தொற்று, மூட்டுவாதம் இவற்றிலும் உயரும், அதனால் உயர்ந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஆனால் வயதானவர், எலும்பு வலி, சோகை, ஏறிக்கிடக்கும் இஎஸ்ஆர், அல்புமினைவிட இரண்டு மடங்கு குளோபுலின் என்று வரிசையாக ஒரே தாளில் இருக்கும்போது, ஆய்வகத்தில் முதலாண்டு படிக்கும் பிள்ளைக்குக்கூட மைலோமா (எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்களில் வரும் புற்றுநோய்) என்ற சந்தேகம் வர வேண்டும்.

எங்களிடம் வந்த அன்று அவருடைய சாம்பிளைச் சுழற்றி எடுத்தபோது சீரம் பிசுபிசுப்பாக இருந்தது. மெஷின் இரண்டு முறை உறிஞ்ச முடியாமல் ‘கிளாட்’ என்று பிழை காட்டியது. கட்டி எதுவும் இல்லை, புரதம்தான் அவ்வளவு. கண்ணாடியில் ஒரு துளியைத் தேய்த்துப் பார்க்கும் ரத்த ஸ்மியரில் சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. மொத்தப் புரதம் 10.7 ஆகியிருந்தது. சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியாட்டினின் 3.4. எங்கள் ஆய்வக மருத்துவர் அவருடைய டாக்டரைப் போனில் கூப்பிட்டுப் பேசினார். சீரம், அதிலுள்ள புரதங்களை மின்சாரத்தால் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோஃபோரேசிஸுக்குப் போனது. ஆரோக்கியமான சீரத்தில் அல்புமின் ஓர் உயர்ந்த முகடாக நிற்கும். பிறகு ஆல்ஃபா 1, ஆல்ஃபா 2, பீட்டா. கடைசியில் காமா தாழ்வாக, அகலமாகப் பரந்திருக்கும். இவருக்கு காமாவில் அல்புமினையே மிஞ்சும் ஒரு கூர்மையான முகடு நின்றது. எம் பேண்டு. ஒரே குலத்து பிளாஸ்மா செல்கள் ஒரே புரதத்தைக் கொட்டிக்கொண்டிருந்தன.

இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சையில் இருக்கிறார். சிறுநீரகம் முழுதாகத் திரும்பவில்லை. பேக்கேஜ் எடுத்த நாளுக்கும் எங்களிடம் வந்த நாளுக்கும் நடுவே பல மாதங்கள், அந்த மாதங்கள் முழுக்க வலி ஊசி. மைலோமாவில் சிறுநீரகத்துக்கு அந்த மருந்துகள் எவ்வளவு கெடுதல் என்று உங்கள் மருத்துவ ஆலோசகர்களைக் கேட்டுப் பாருங்கள்.

புற்றுநோயைக் காட்டிய முதல் ஆய்வகச் சோதனையே இந்த நோயில்தான் பிறந்தது. 1840களில் லண்டனில் எலும்பு வலியோடு இருந்த ஒருவரின் சிறுநீரில், சூடாக்கினால் கரைந்து ஆறினால் உறையும் விசித்திரமான புரதம் ஒன்றை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் ஆராய்ந்து 1847இல் எழுதினார். சீரப் புரதங்களை மின்புலத்தில் பிரித்துக் காட்டிய ஆர்னே டிசிலியஸுக்கு 1948இல் நோபல் பரிசே கிடைத்தது. அத்தனை பழைய, உறுதியான அறிவு இது. புதுப் பெயர்களை விளம்பரத்தில் அடுக்கும் நீங்கள், இதைக் கல்லீரல் பக்கத்தின் அடியில் போட்டுவிட்டுப் போகிறீர்கள்.

இதைப் படித்துவிட்டு எலக்ட்ரோஃபோரேசிஸையும் பேக்கேஜில் சேர்த்துவிடாதீர்கள். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். ஐம்பது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேரிடம் சிறிய எம் பேண்டு இருக்கும்; அவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்குத்தான் அது நோயாக மாறும். எல்லோருக்கும் அதை ஓட்டினால் சிஏ-125இல் செய்த அதே தவறு இன்னொரு பெயரில் நடக்கும். சீரத்துக்குப் பதில் உறையாத பிளாஸ்மாவை அனுப்பினால், ஃபைப்ரினோஜன் பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவே ஒரு கோடாக நின்று எம் பேண்டு போலவே தெரியும். அவசரத்தில் எந்த மூடி டியூபில் ரத்தம் எடுத்தோம் என்று பார்க்காத இடத்தில் அதுவும் ஒரு புற்றுநோய்ச் செய்தியாகப் போய்ச் சேரும்.

‘மருத்துவ நிலையோடு பொருத்திப் பார்க்கவும்’ என்று ரிப்போர்ட்டின் அடியில் போட்டிருக்கிறோமே என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். டாக்டர் சீட்டே வேண்டாம் என்று விற்றுவிட்டு, யார் பொருத்திப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள்? ஜவுளிக்கடைப் பெண்ணா, நெசவாளியா?

ஆகவே கேட்கிறேன்.

ஆரோக்கியமானவர்களுக்கு விற்கும் எல்லாப் பேக்கேஜ்களிலிருந்தும் சிஏ-125, சிஏ 15-3, சிஏ 19-9, சிஇஏ, ஏஎஃப்பி ஐந்தையும் எடுத்துவிடுங்கள். பிஎஸ்ஏ-வை, அதன் நன்மை தீமையை டாக்டரோடு பேசி முடிவு செய்து வருகிறவருக்கு மட்டும், டாக்டர் சீட்டின்மேல் செய்யுங்கள். ‘கேன்சர் ஸ்கிரீனிங்’ என்ற சொல்லை ரத்தப் பரிசோதனை விளம்பரங்களில் இனிப் பயன்படுத்தாதீர்கள். அந்த இடத்தில், 30 வயதைக் கடந்தவர்கள் வாய், மார்பகம், கருப்பை வாய் சோதனைக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம் என்று ஒரு வரி அச்சிடுங்கள். உங்களுக்கு அதில் செலவில்லை.

ஏற்கெனவே விற்ற பேக்கேஜ்களில் மார்க்கர் உயர்ந்து வந்தவர்களின் பட்டியல் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அவர்களை நீங்களே கூப்பிட்டு, ஒரு மருத்துவரோடு கட்டணமில்லாமல் பேச வையுங்கள். இனி எந்த மார்க்கர் ரிப்போர்ட்டும் மருத்துவர் பார்க்கும் முன் இரவில் போனுக்குப் போகக் கூடாது.

டாக்டர் கேட்டு அனுப்பும் மார்க்கர் சோதனைகளுக்கான படிவத்தில் மாதவிலக்கு, கர்ப்பம், புகை, பயோட்டின், எதற்காகக் கேட்கப்பட்டது என்ற ஐந்துக்கும் இடம் வையுங்கள். ரத்தம் எடுக்கும் பிள்ளைகளுக்கு அதைக் கேட்கப் பயிற்சி கொடுங்கள். ரிப்போர்ட்டில் மெஷின், முறையின் பெயரையும் நோயாளியின் முந்தைய அளவுகளையும் போடுங்கள். மெஷினை மாற்றினால் முன்கூட்டியே டாக்டர்களுக்குத் தெரிவித்து, தொடர்ந்து பார்த்துவரும் நோயாளிகளுக்கு ஒருமுறை இரண்டு மெஷினிலும் ஓட்டிக் கொடுங்கள். அதற்குப் பணம் வாங்காதீர்கள். சலுகை விலை என்று ஒன்று இருந்தால் அது புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து தொடர் சோதனைக்கு வருபவருக்குப் போகட்டும்.

மொத்தப் புரதமும் குளோபுலினும் எந்த அளவைத் தாண்டினால் ரிப்போர்ட் நிறுத்தி வைக்கப்பட வேண்டும் என்று உங்கள் ஒவ்வோர் ஆய்வகத்தின் மருத்துவரும் எழுத்தில் ஓர் எல்லை வகுக்கட்டும். அதைத் தாண்டிய சாம்பிளுக்கு ஸ்மியர் பார்த்து, ஹீமோகுளோபின், கிரியாட்டினின், கால்சியம் மூன்றையும் சேர்த்துப் படித்து, நோயாளியையோ அவருடைய டாக்டரையோ அன்றைக்கே போனில் கூப்பிடுங்கள். டாக்டர் எலக்ட்ரோஃபோரேசிஸ் கேட்டால் மறுபடி ஊசி போடாமல் இருக்க, மிச்சச் சீரத்தைச் சில நாட்கள் குளிரில் பத்திரப்படுத்துங்கள். ரத்தத்தில் தெரியாமல் சிறுநீரில் மட்டும் தெரியும் வகையும் உண்டு என்பதால், சந்தேகம் வலுவாக இருந்தால் சிறுநீரும் ஃப்ரீ லைட் செயின் (அந்தப் புரதத்தின் உதிரித் துண்டுகள்) சோதனையும் தேவைப்படலாம் என்று ரிப்போர்ட்டில் ஒரு குறிப்பு எழுதுங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்பதை உங்கள் அடுத்த சலுகைப் பட்டியல் வெளிவரும் முன் உங்கள் ஆய்வக மருத்துவரின் கையெழுத்தோடு பொதுவில் வெளியிடுங்கள். அது வராவிட்டால், என்னிடம் சேர்ந்திருக்கும் விளம்பரங்களை மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநரிடம் நேரில் கொடுத்து நடவடிக்கை கேட்பேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக உயிர்வேதியியலாளர்